முப்பது டிகிரி, பத்து டிகிரியின் மூன்று மடங்கா?

ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கான ஒரு பயிற்சித் தாளில் இருந்த கேள்வி இது: "காலையில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ். மதியம் 30 டிகிரி செல்சியஸ். காலையைப் போல மதியம் எத்தனை மடங்கு வெப்பம்?" அதற்கு மேலே இரண்டு கேள்விகள். ஒன்றில் 10 மீட்டர் கயிறும் 30 மீட்டர் கயிறும். இன்னொன்றில் 10 கிலோ மூட்டையும் 30 கிலோ மூட்டையும். மூன்றுக்கும் கடைசிப் பக்கத்தில் ஒரே விடை அச்சாகியிருந்தது: 3 மடங்கு. கயிறும் மூட்டையும் சரி. வெப்பநிலைக் கேள்விக்கு அந்த விடை தவறு. இன்னும் சரியாகச் சொன்னால், செல்சியஸில் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு அந்த எண்களை வகுத்து எந்த விடையும் சொல்ல முடியாது.

தாளைக் கொண்டுவந்த என் அக்கா மகள் மூன்றுக்கும் "3 மடங்கு" என்று எழுதி முடித்திருந்தாள். வகுத்தலில் குறை இல்லை, கையெழுத்துகூட அழகாக இருந்தது. அவளை நான் எப்படிக் குறை சொல்வேன்? மூன்று கேள்விகளும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு எண், ஓர் அலகு, ஒரு வகுத்தல். அலகு மீட்டரா கிலோவா டிகிரியா என்று நின்று பார்க்க அந்தத் தாளில் எதுவும் அவளைத் தூண்டவில்லை.

இதைச் சில ஆசிரிய நண்பர்களிடம் சொன்னேன். "வகுத்தல் பழகுவதற்கு ஒரு கணக்கு, அவ்வளவுதானே? சின்னப் பிள்ளைகளிடம் போய் இத்தனை நுணுக்கம் பேச வேண்டுமா?" என்றார் ஒருவர். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அலகு ஒட்டிய எந்த எண்ணையும் கூட்டலாம், பெருக்கலாம், வகுக்கலாம் என்று பத்து வயதில் படிந்துவிட்டால் அது லேசில் அழியாது. மேல் வகுப்பில் வாயுக்களின் பாடம் வரும். அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவை 10 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் கனஅளவு எவ்வளவு கூடும் என்று கேட்பார்கள். மூன்று மடங்கு என்று எழுதும் மாணவர்கள் உண்டு. உண்மையில் கூடுவது 7 சதவீதம்தான். "கெல்வினுக்கு மாற்ற மறந்துவிட்டாய்" என்று, வேறொரு இடத்தைப் பூஜ்யமாகக் கொண்ட வெப்பநிலை அலகைச் சொல்லி, அங்கே சிவப்பு மையில் திருத்துவார்கள். மறந்தது அந்த மாணவன் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடக்க வகுப்பில் அவனுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று அது.

நீளம், எடை, கொள்ளளவு மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் இருக்கிறது. பூஜ்யம் மீட்டர் என்றால் கயிறே இல்லை. பூஜ்யம் கிலோ என்றால் மூட்டையில் ஒன்றுமே இல்லை. அதோடு, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேர்த்தால் எண்களும் சேரும். 10 மீட்டர் கயிறுகள் மூன்றை நீட்டிவைத்தால் 30 மீட்டர். "மூன்று மடங்கு" என்று சொல்லும்போது நாம் சொல்வது இதைத்தான். வெப்பநிலையில் இப்படிச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 டிகிரியில் இருக்கும் ஒரு குவளைத் தண்ணீரை, 30 டிகிரியில் இருக்கும் இன்னொரு குவளைத் தண்ணீரோடு ஊற்றினால் தண்ணீர் இரண்டு குவளை ஆகும், எடை இரண்டு பங்காகும், வெப்பநிலை 30 டிகிரியிலேயே நிற்கும். 20 டிகிரித் தண்ணீரையும் 40 டிகிரித் தண்ணீரையும் சம அளவில் கலந்தால் 60 வராது, ஏறக்குறைய 30 வரும். இதற்கு இரண்டு குவளையும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். அளவைகள் பாடத்தில் குழந்தை தன் கையால் செய்து பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. இதைச் செய்துவிட்டு வந்த குழந்தை "எத்தனை மடங்கு" என்ற கேள்விக்கு முன்னால் ஒரு நொடி நின்றுவிடும்.

எந்தப் பக்கம் சரி?

அவளிடம் "இது தவறு" என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அழித்துவிட்டு வேறு எதையாவது எழுதியிருப்பாள். சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை மேசைமேல் வைத்தேன். நடுவில் கண்ணாடிக் குழாய், இடது பக்கம் செல்சியஸ், வலது பக்கம் பாரன்ஹீட்.

"இடது பக்கம் 10-க்கு நேரா வலது பக்கம் என்ன இருக்கு, பாரு."

"அம்பது."

"30-க்கு?"

கோடுகளுக்குக் குறுக்கே அடிக்குச்சியை வைத்துப் பார்த்தாள். "எண்பத்தாறு."

"இப்ப அந்தப் பக்கத்து எண்ணை வச்சு அதே கணக்கைப் போடேன்."

பென்சிலை எடுத்தவள் எழுதவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சித்தி, அம்பதுக்கு ரெண்டு மடங்கே நூறு. எண்பத்தாறு அதுக்கும் கம்மி. ரெண்டு மடங்குகூட வரலையே" என்றாள். அடுத்து அவள் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். "எந்தப் பக்கம் சரி?"

இரண்டு பக்கமும் சரி. ஒரே குழாய், அதற்குள் ஒரே திரவம், அது நிற்கும் மட்டமும் ஒன்றே. வெளியில் அடிக்கும் வெயில் நாம் எந்தப் பக்கத்து எண்ணைப் படிக்கிறோம் என்று பார்த்து மாறுவதில்லை. அப்படியிருக்க ஒரு பக்கம் மூன்று மடங்கு, மறுபக்கம் இரண்டுக்கும் குறைவு என்று எப்படி வரும்? அலகு மாறினால் எண் மாறும் என்பது அவளுக்குத் தெரியும். மடங்கும் மாறுமா என்பதுதான் புதிது. அதைச் சோதிக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தாளில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் 15 சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் போட்டு, இரண்டையும் அங்குலத்தில் அளந்தாள். ஏறக்குறைய 2 அங்குலம், ஏறக்குறைய 6 அங்குலம். இங்கே மடங்கு மாறவில்லை. அளவுகோலையும் தெர்மாமீட்டரையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள். "கோடு ஆரம்பிக்கிற இடத்துல சென்டிமீட்டர்லயும் பூஜ்யம்தான், அங்குலத்துலயும் பூஜ்யம்தான். இதுல பூஜ்யத்துக்கு நேரா முப்பத்திரண்டு இருக்கு" என்றாள்.

நான் சொல்லித் தரவேண்டும் என்று நினைத்திருந்தது மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மீட்டரின் பூஜ்யமும் அடியின் பூஜ்யமும் ஒன்றே, ஏனென்றால் இரண்டிலும் பூஜ்யம் என்பது ஒன்றும் இல்லாமை. செல்சியஸின் பூஜ்யம் ஒரு இடம், பாரன்ஹீட்டின் பூஜ்யம் வேறு இடம். இரண்டிலுமே வெப்பம் தீர்ந்துபோகவில்லை. யாரோ ஒருவர் தேர்ந்து வைத்த புள்ளிகள் அவை. 1724-ல் தன் அளவுமுறையை வெளியிட்ட டேனியல் பாரன்ஹீட், பனிக்கட்டியும் தண்ணீரும் அம்மோனியம் குளோரைடு உப்பும் கலந்த கலவையின் குளிர்ச்சியைப் பூஜ்யமாகக் கொண்டார். சுவீடனின் வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-ல் தன் முறையை முன்வைத்தபோது தண்ணீர் கொதிக்கும் இடத்தைப் பூஜ்யம் என்றும் உறையும் இடத்தை 100 என்றும் குறித்தார். சூடு ஏற ஏற எண் இறங்கும். 1744-ல் அவர் இறந்தார். அதையொட்டிய ஆண்டுகளில்தான் அது தலைகீழாகத் திருப்பப்பட்டு இன்றைய வடிவுக்கு வந்தது. செல்சியஸ் வைத்த முறையே நிலைத்திருந்தால் பயிற்சித் தாளின் காலை 90 டிகிரி, மதியம் 70 டிகிரி. அப்போது அந்த "மடங்கு" கேள்வியை அச்சடிக்கக்கூட யாருக்கும் தோன்றியிருக்காது.

வெப்பநிலைக்கு உண்மையான அடிமட்டம் ஒன்று உண்டு, அதற்குக் கீழே எதுவும் குளிர முடியாது. 1848-ல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அந்த அடிமட்டத்திலிருந்து எண்ணத் தொடங்கும் ஓர் அளவுமுறையை முன்வைத்தார். இன்றைய கணக்கில் அது மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து எண்ணினால் பயிற்சித் தாளின் காலை 283.15 கெல்வின், மதியம் 303.15 கெல்வின். வகுத்தால் 1.07. ஆக, ஒரே காலை, ஒரே மதியம், மூன்று விடைகள்: 3, 1.72, 1.07. இவற்றுள் "மடங்கு" என்று சொல்லத் தகுந்தது கடைசி ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பில் கெல்வினைச் சொல்லித்தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டிகிரியில் இருக்கும் பூஜ்யம் மனிதர்கள் குறித்து வைத்தது, அதனால் "எத்தனை டிகிரி அதிகம்" என்று கேட்கலாம், "எத்தனை மடங்கு" என்று கேட்க முடியாது என்பது போதும். அளவுமுறைகளுக்குள் இப்படி வகை பிரித்து, எந்த வகையில் எந்தக் கணக்கு செல்லும் என்று 1946-ல் எழுதினார் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர். செல்சியஸும் பாரன்ஹீட்டும் இடைவெளிகளுக்கு மட்டும் பொருள் தரும் வகையில் வரும். நீளமும் எடையும் மடங்குக்கும் பொருள் தரும் வகை. புள்ளியியல் படிக்க வரும் பெரியவர்களுக்கு இதை முதல் பாடத்திலேயே சொல்கிறார்கள். ஒரு தெர்மாமீட்டரின் இரண்டு பக்கத்தையும் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு இதில் எட்டாதது எதுவும் இல்லை.

இடைவெளிகளுக்கு மடங்கு உண்டு என்பதையும் சேர்த்தே காட்டவேண்டும், இல்லாவிட்டால் டிகிரியைத் தொட்டாலே பாவம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். காலை 10-லிருந்து 14-க்கு ஏறியது, பிறகு 14-லிருந்து 26-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏற்றம் 4, அடுத்த ஏற்றம் 12. அடுத்த ஏற்றம் முதல் ஏற்றத்தின் மூன்று மடங்கு. பாரன்ஹீட்டில் அதே ஏற்றங்கள் 7.2, 21.6. அங்கேயும் மூன்று மடங்குதான். பயிற்சித் தாளை எழுதியவர் கேள்வியை இப்படித் திருப்பியிருந்தால் வகுத்தலும் பழகியிருக்கும், டிகிரியும் பிழைத்திருக்கும்.

கடிகாரத்துக்குள் இருக்கும் இரண்டு

நேரத்தையும் வெப்பநிலையையும் ஒரே பாடத்தில் வைப்பதை முன்பெல்லாம் வெறும் பக்க வசதி என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த அடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கடிகாரம் காட்டும் 6, கடிகாரம் காட்டும் 3-இன் இரண்டு மடங்கு என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. கேட்டால் சிரிக்கும். 6 மணி நேரப் பயணம் 3 மணி நேரப் பயணத்தின் இரண்டு மடங்கு என்று தயங்காமல் சொல்லும். டிகிரியில் தடுமாறும் அதே வேறுபாடு நேரத்தில் குழந்தைக்கு முன்பே கைவசம் இருக்கிறது. அதனால் நேரத்திலிருந்து தொடங்கி வெப்பநிலைக்குப் போவதே நல்ல வழி. கடிகாரம் காட்டுவது ஒரு நிலை, கழிந்தது ஓர் இடைவெளி. தெர்மாமீட்டர் காட்டுவது ஒரு நிலை, ஏறியது ஓர் இடைவெளி. நிலையிலிருந்து நிலையைக் கழித்தால் இடைவெளி கிடைக்கும். நிலையோடு இடைவெளியைக் கூட்டினால் வேறொரு நிலை கிடைக்கும். நிலையோடு நிலையைக் கூட்டினால் ஒன்றும் கிடைக்காது.

கழிந்த நேரத்தை உணர்வதும் குழந்தைக்கு எளிதில் வந்துவிடுவதில்லை. இரண்டு பொம்மை வண்டிகள் ஒரே நொடியில் கிளம்பி ஒரே நொடியில் நின்றாலும், அதிகத் தூரம் போன வண்டிதான் அதிக நேரம் ஓடியது என்று சின்னக் குழந்தைகள் சொல்வதை ழான் பியாஜே கவனித்து எழுதியிருக்கிறார். நேரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, தூரத்தைப் பார்க்க முடியும். பார்க்க முடிவதைப் பிடித்துக்கொள்வது இயல்புதான். கடிகாரத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டது என்பதால் இந்தப் புரிதலும் கூடவே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடிகாரத்தைப் படிப்பதிலேயே பெரியவர்கள் கவனிக்காத சிக்கல் இருக்கிறது. ஒரே வட்டத்தில் இரண்டு அளவுகோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன, எண்கள் ஒன்றுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சின்ன முள் 3-ல் நின்றால் மூன்று. பெரிய முள் அதே 3-ல் நின்றால் பதினைந்து. தெர்மாமீட்டரில் இரண்டு அளவுகோலையும் இரண்டு பக்கமாகப் பிரித்தாவது போட்டிருக்கிறார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதல் சில வாரங்கள் பெரிய முள்ளைக் கழற்றிவிடுவது. சின்ன முள் மட்டும் இருக்கும் கடிகாரத்தில் நேரம் சொல்லப் பழகட்டும். 3-ஐத் தாண்டிக் கொஞ்சம், 3-க்கும் 4-க்கும் சரிபாதி, 4-ஐ நெருங்கிவிட்டது. மூன்றரை மணிக்குப் படம் வரையச் சொன்னால் சின்ன முள்ளை நேராக 3-ன் மேலேயே வைத்துவிடும் பழக்கம் இதில் வரவே வராது. ஐரோப்பாவில் முதன்முதலாகச் செய்த இயந்திரக் கடிகாரங்களிலும் மணி முள் மட்டும்தான் இருந்தது. 1656-ல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான் நிமிட முள் பரவலாக நம்பத் தகுந்ததாக ஆனது. மனிதர்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே குழந்தையும் கற்றுக்கொள்ளலாம்.

கழித்தலுக்கு வருகிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முற்பகல் 10:45-க்குக் கிளம்பி பிற்பகல் 1:20-க்கு வந்து சேர்ந்தால் எவ்வளவு நேரம்? இதை 13.20-லிருந்து 10.45 என்று மேலும் கீழும் எழுதிக் கழிக்கச் சொல்கிறார்கள். குழந்தை கடன் வாங்கும், பழகிய கையால் நூறாக வாங்கும், 2.75 என்று எழுதும். 2 மணி 75 நிமிடம். இந்த விடை எத்தனை நோட்டுகளில் சிவப்புக் கோடு வாங்கியிருக்குமோ. கடன் வாங்கும்போது 60 வாங்கு என்று திருத்துகிறோம், அடுத்த வாரம் மறுபடியும் 75 வருகிறது. தொடக்க வகுப்பில் நேரத்துக்கு இந்த எழுத்து முறையையே விட்டுவிடலாம் என்பேன். ஒரு கோடு போட்டு, 10:45-லிருந்து 11-க்கு 15 நிமிடம், 11-லிருந்து 1-க்கு 2 மணி நேரம், அங்கிருந்து 20 நிமிடம் என்று தாவித் தாவிப் போனால் 2 மணி 35 நிமிடம் வந்துவிடும். கடனும் இல்லை, 60-ஐ மறப்பதற்கு இடமும் இல்லை. இடையில் 12 மணியைக் கடந்ததுகூடத் தொந்தரவு செய்யாது. இதே கோட்டை நிமிர்த்தி நிற்க வைத்தால் தெர்மாமீட்டர். மைனஸ் 3-லிருந்து 4 வரை போக முதலில் பூஜ்யம் வரை 3, பிறகு 4, ஆக 7.

60 ஏன் என்று குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணினார்கள், அவர்களிடமிருந்து வானியல் வழியாக அது மணிக்குள் வந்தது. நம் நாழிகைக் கணக்கிலும் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. 60-ஐ 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 எல்லாம் மிச்சமில்லாமல் வகுக்கும். மணியில் அரை, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று எதை எடுத்தாலும் முழு நிமிடம். 100-ஐ மூன்றால் வகுத்துப் பார்க்கச் சொன்னால் அவர்களே புரிந்துகொள்வார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இதையும் பத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். 1793-ல், நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 நொடி என்று ஆணை வந்தது. 1795 ஏப்ரலில் அதை நிறுத்திவைத்தார்கள். மீட்டருக்கும் கிராமுக்கும் லிட்டருக்கும் வழிவகுத்த அதே சட்டம்தான் பத்து மணி நாளையும் நிறுத்திவைத்தது. இதைக் கேட்ட என் அக்கா மகள், "அப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு 2.75 சரியான விடையா?" என்றாள். நூறாகக் கடன் வாங்குவது அந்த ஆணை இருந்தவரை சரிதான். எண் தவறில்லை, அது எந்த அளவுமுறைக்கு உரியது என்பதில்தான் தவறு என்று அவளுக்கே புலப்பட்டது.

கோட்டை எண்ணுவதா, இடையை எண்ணுவதா?

9 மணியிலிருந்து 11 மணி வரை எவ்வளவு நேரம் என்றால் 9, 10, 11 என்று மூன்று விரல் மடக்கும் குழந்தைகள் உண்டு. மைனஸ் 3-லிருந்து 4 வரை எட்டுக் கோடுகளை எண்ணி 8 டிகிரி என்று சொல்பவர்களும் உண்டு. கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். நிலைக்கும் இடைவெளிக்கும் உள்ள அதே வேறுபாடுதான் இங்கே வேறு வடிவில் வருகிறது. கோடுகள் நிலைகள், கோடுகளுக்கு நடுவில் இருப்பவை இடைவெளிகள். எட்டுக் கோடுகளுக்கு நடுவில் ஏழு இடைவெளிதான் இருக்கும். நாட்காட்டியில் இன்னும் குழப்பம். 3-ஆம் தேதி முதல் 7-ஆம் தேதி வரை நூலகம் திறந்திருந்தால் 5 நாள் திறந்திருந்தது. 3-ஆம் தேதி எடுத்த புத்தகத்தை 7-ஆம் தேதி அதே நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் அது நம்மிடம் 4 நாள் இருந்தது. இரண்டும் சரி. முதலாவதில் நாட்களை எண்ணுகிறோம், இரண்டாவதில் ஒரு கணத்திலிருந்து இன்னொரு கணம் வரை அளக்கிறோம். பாடப் புத்தகம் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்து, ஏன் விடை மாறுகிறது என்று கேட்டால் போதும், அதில் ஒரு வகுப்பு நேரம் போவது வீணே இல்லை.

சராசரி

இத்தனையும் பேசி முடித்த பிறகு அவள் ஒரு கேள்வியோடு வந்தாள். "டிகிரியோட டிகிரியைக் கூட்டக்கூடாதுன்னு சொன்னீங்க. சராசரி வெப்பநிலைன்னு போடறாங்களே, அதுல கூட்டித்தானே வகுக்கிறாங்க?" நல்ல கேள்வி. 10-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 40. அந்த 40 எந்த வேளையின் வெப்பநிலையும் இல்லை, பாரன்ஹீட் பக்கம் 50-ஐயும் 86-ஐயும் கூட்டினால் வரும் 136-க்கு நேராக 40 இருக்கவும் இருக்காது. இருந்தும் இரண்டால் வகுத்ததும் இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 68. தெர்மாமீட்டரில் 20-க்கு நேராக 68-தான் இருக்கிறது. பொருளில்லாத ஒரு கூட்டலிலிருந்து பொருளுள்ள ஒரு விடை எப்படி வந்தது?

சராசரி உண்மையில் செய்வது கூட்டல் இல்லை என்று அவளுக்குக் காட்டினேன். 10-லிருந்து 30 வரை இடைவெளி 20. அதில் பாதி 10. 10-லிருந்து 10 மேலே ஏறினால் 20. நிலை, இடைவெளி, நிலை. சட்டம் எங்கும் மீறப்படவில்லை. கூட்டி வகுப்பது அதே இடத்துக்குப் போகும் குறுக்குவழி, நடுவில் வரும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. இன்னும் பல எண்கள் இருந்தாலும் இப்படியே செய்யலாம். ஏதாவது ஒரு நிலையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் தள்ளல்களின் சராசரியை அந்த நிலையோடு கூட்டினால் போதும். எந்த நிலையைப் பிடித்தாலும் விடை மாறாது. அவள் 25-ஐப் பிடித்துச் செய்து பார்த்தாள். 15 கீழே, 5 மேலே, ஆக நடுவில் 5 கீழே. 20.

அடுத்து அவளுக்கு நேரத்தில் ஒன்று கொடுத்தேன். ஒருவர் ஒரு நாள் இரவு 11 மணிக்குத் தூங்கப் போகிறார், மறுநாள் பின்னிரவு 1 மணிக்குத் தூங்கப் போகிறார். சராசரியாக எத்தனை மணிக்கு? 11-ஐயும் 1-ஐயும் கூட்டிப் பாதியாக்கினாள், 6 வந்தது. 24 மணிக் கணக்கில் 23-ஐயும் 1-ஐயும் கூட்டிப் பாதியாக்கினாள், 12 வந்தது, அதாவது நண்பகல். இரண்டையும் ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தெர்மாமீட்டர் ஒரு நேர்கோடு, கடிகாரம் திரும்பித் திரும்பித் தன் தொடக்கத்துக்கே வரும் வட்டம். நேர்கோட்டில் செல்லும் குறுக்குவழி இங்கே தடம் மாறிவிடுகிறது. நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். நோட்டில் இரவு 10 மணியைக் குறித்து, அதன் கீழே பூஜ்யம் என்று எழுதினாள். 11 மணிக்கு அங்கிருந்து 1, பின்னிரவு 1 மணிக்கு அங்கிருந்து 3, நடுவில் 2. பத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, நள்ளிரவு 12.

"10 மணியை ஏன் பூஜ்யமா வச்ச?" என்று கேட்டேன்.

"எங்க வேணும்னாலும் வைக்கலாமே சித்தி, ரெண்டு நேரத்துக்கும் முன்னாடி இருந்தா போதும்" என்றாள். பிறகு 9 மணியை வைத்தும் அதே விடை வருகிறதா என்று பார்க்க நோட்டைத் திருப்பினாள்.